கழுவிய காரும் கவனித்த காரும்

வீடியோ கேமில் காரைக் கழுவினால் வேகம் கூடுமா? கொடைக்கானல் மலைச்சாலையில் வைத்துப் பார்த்தால் என்ன பதில் கிடைக்கிறது?

‘கிரான் டூரிஸ்மோ 7’ விளையாடும் பிள்ளைகளுக்கு ‘ஜிடி ஆட்டோ’ என்றால் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தயம் முடிந்து புழுதி படிந்த காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், நுரை போட்டுக் கழுவிப் பளிச்சென்று திருப்பித் தருவார்கள். பந்தயத்தில் ஜெயித்த விளையாட்டுக் காசில் கொஞ்சம் செலவாகும். அந்தக் காசைச் செலவழிக்கும்போதுதான் உலகம் முழுக்க விளையாடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. கழுவிய கார் கூடுதல் வேகத்தில் ஓடுமா, இல்லை பார்க்க மட்டும்தான் அழகா?

பார்க்க மட்டும்தான். ஆனால் அதே ஜிடி ஆட்டோவில் இன்ஜின் ஆயிலை மாற்றினால் காரின் பவர் கூடுகிறது; அதை எண்ணாகவே திரையில் பார்க்கலாம்.

இந்தக் கேள்வி வரவேற்பறை சோபாவோடு முடிந்துவிடுவதில்லை. சீசன் தொடங்கினால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கொடைக்கானலுக்குக் கிளம்பும் குடும்பங்கள், முதல் நாள் காரை வாட்டர் வாஷுக்கு விடுகின்றன. டாஷ்போர்டைத் துடைத்து, புது மிதியடி போட்டு, டேங்கை நிரப்புகிறார்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. சமவெளியில் அந்த மறதி பெரும்பாலும் மன்னிக்கப்பட்டுவிடும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் கதை வேறு.

கேமுக்குள் இருக்கும் ஒர்க்‌ஷாப்

ஜப்பானின் கசுனோரி யமவுச்சி உருவாக்கிய ‘கிரான் டூரிஸ்மோ’ 1997 டிசம்பரில் வெளிவந்தது. அதுவரை வந்த பெரும்பாலான கார் விளையாட்டுகளில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும். இதிலோ பழைய காரை வாங்கி, பாகம் பாகமாக மேம்படுத்தி, லைசென்ஸ் தேர்வில் தேறிய பிறகுதான் பெரிய பந்தயங்களுக்குப் போக முடிந்தது. கார் வைத்திருப்பதன் சுமையையும் சுகத்தையும் சேர்த்தே விளையாட்டாக்கினார் யமவுச்சி. 1999-ல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே கார் வாஷ் இருந்தது. 2004 இறுதியில் ஜப்பானில் வெளியான நான்காம் பதிப்பில் ஆயில் மாற்றுவதும், ஓடி ஓடித் தளர்ந்த பாடியைப் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவருவதும் விளையாட்டின் முக்கியமான பகுதிகள்.

2022 மார்ச்சில் வந்த ஏழாம் பதிப்பிலும் அந்த வழக்கம் தொடர்கிறது. கிலோமீட்டர் ஏற ஏற ஆயில் கெடும். பவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யலாம், பாடியைச் சீராக்கலாம். ஒவ்வொரு காருக்கும் அதன் திறனைச் சொல்லும் ‘பிபி’ என்ற மதிப்பெண் உண்டு. பல பந்தயங்களில் இத்தனை பிபிக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பார்கள். வரம்பை ஒட்டி அளவாகத் தயார் செய்த காருக்கு ஆயிலை மாற்றினால், கூடிய பவரே அதை வரம்புக்கு வெளியே தள்ளிவிடும். இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட ஆட்டக்காரர்கள் ஆயிலை எப்போது மாற்றுவது என்பதிலும் கணக்குப் பார்க்கிறார்கள்.

மற்ற விளையாட்டுகளும் இந்தத் திசையில் வெகுதூரம் போயிருக்கின்றன. ஃபார்முலா ஒன் விளையாட்டுகளில் இன்ஜின் பாகங்கள் தேயத் தேய பவர் குறையும். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ‘அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே’யில் டயர் ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கினால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும், அது உதிரும்வரை பிடிமானம் குறைவுதான். பிரேக் எவ்வளவு சூடாக இருக்கிறது, பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் அது கணக்கில் வைக்கும். பாடியில் படிந்த தூசியால் வராத வித்தியாசம் டயரிலும் பிரேக்கிலும் வந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. நிஸானும் சோனியும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய ‘ஜிடி அகாடமி’, கிரான் டூரிஸ்மோவில் வேகமாக ஓட்டியவர்களை நிஜப் பந்தயக் காரில் உட்கார வைத்தது. 2014-ல் அது இந்தியாவுக்கும் வந்தது. அதில் 2011-ல் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோவின் கதைதான் 2023-ல் திரைப்படமானது. திரைக்கு முன்னால் பழகிய கையும் கண்ணும் சாலையிலும் உதவும் என்பதற்கு அவர் சாட்சி. அப்படியானால் திரைக்கு முன்னால் பழகிய பராமரிப்புப் புத்தியும் சாலையில் உதவ வேண்டுமே!

தூசி காற்றை மறிக்குமா?

நிஜக் காரில் அழுக்கு வேகத்தைக் குறைக்குமா என்பதை அமெரிக்காவின் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சிக் குழு 2009-ல் சோதித்துப் பார்த்தது. ஒரே காரைச் சேறு பூசி ஒரு முறை, கழுவித் துடைத்து ஒரு முறை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினார்கள். அழுக்குக் கார் கேலனுக்கு 24 மைல் கொடுத்தது. சுத்தமான கார் 26 மைல். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 10.2 கிலோமீட்டரும் 11 கிலோமீட்டரும். சேறு கெட்டியாகப் பூசப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் ஒரு வாரம் நின்ற காரின் மேல் படியும் தூசிக்கு அந்த அளவு பாதிப்பு வராது.

அந்த வித்தியாசமும் வேகத்தில்தான் தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை மறிக்கும் காற்று விசையை எடுத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 16-ல் ஒரு பங்குதான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையிலோ நேர்க்கோட்டில் பறக்கும் காருக்கு வழவழப்பான பாடி உதவும். டம் டம் பாறைக்கு மேலே வளைவுக்கு வளைவு இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும் குடும்பக் காருக்கு அதனால் சொல்லும்படியான லாபம் எதுவும் இல்லை.

ஆனால் குப்பை போய் உட்காரும் இடத்தைப் பொறுத்து நிலைமை தலைகீழாகும். 2022 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீயில் ஃபெராரி வீரர் ஷார்ல் லெக்லெரின் முன் சக்கர பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாயில், இன்னொரு வீரர் ஹெல்மெட்டிலிருந்து கிழித்து வீசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாட்டிக்கொண்டது. பிரேக் சூடாகிப் புகைந்தது. பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே அவர் பிட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கோடிக்கணக்கில் செலவழித்துத் தயாரான காரை ஒரு பிளாஸ்டிக் தாள் தடுத்து நிறுத்தியது. அது பாடியின் மேல் ஒட்டியிருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

ஏறும்போது: மெலிந்த காற்று, சூடாகும் இன்ஜின்

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். இடையே உள்ள மலைச்சாலையை, அதை வகுத்த மேஜர் லாவின் பெயரால் ‘லாஸ் காட்’ என்கிறார்கள். தலையார் அருவியைத் தூரத்தில் காட்டும் டம் டம் பாறை, ஊத்து, பழனிச் சாலை வந்து சேரும் பெருமாள்மலை, வெள்ளி அருவி என்று ஒவ்வொன்றாகக் கடந்து ஒரே மூச்சில் சுமார் 1,800 மீட்டர் ஏறுகிறது ஒரு கார். பழனியிலிருந்து வரும் சாலையும் இதற்குச் சளைத்ததல்ல.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்தக் காற்றைத்தான் உறிஞ்ச வேண்டும். ஆகவே சென்னையில் 80 குதிரைத்திறன் தரும் இன்ஜின், கொடைக்கானல் ஏரிச்சாலையில் 65 குதிரைத்திறனை ஒட்டித்தான் தரும். எவ்வளவு கழுவினாலும் எந்த ஆயிலை ஊற்றினாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. டர்போ வைத்த இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் பாதிப்பு குறைவு. கார்புரேட்டர் காலத்து அம்பாசடரும் பத்மினியும் காற்று குறைந்தாலும் பெட்ரோலை அதே அளவு இழுத்து, கரும்புகை கக்கித் திணறின. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்கள் சென்சார் வைத்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன.

பவர் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்ட நிலையில், அடைத்த ஏர் ஃபில்டர் மிச்சத்தையும் தின்னும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் பெரிதாக மாறவில்லை. ஆனால் வேகம் எடுக்கும் திறன் 6 முதல் 11 சதவீதம்வரை கூடியது. கொண்டை ஊசி வளைவில், எதிரே பஸ் காத்திருக்க, நின்ற காரை மேல்நோக்கிக் கிளப்பும்போது அந்தச் சில சதவீதம் நன்றாகவே தெரியும். சில நூறு ரூபாய் ஃபில்டர்தான்.

அடுத்தது சூடு. சாய்வில் கியரைக் குறைத்து ஏறும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, கார் மெதுவாகப் போகிறது. நெடுஞ்சாலையில் ரேடியேட்டரின் மேல் தானாக மோதும் காற்று இங்கே கிடைக்காது. மின்விசிறி மட்டுமே துணை. போதாக்குறைக்கு, 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப்போன பழைய காரோ, கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய காரோ வழியில் பானெட்டைத் திறந்து நிற்பதற்கு இதுவே காரணம். கொதிக்கும் நேரத்தில் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். ஓரம் கட்டி, இன்ஜின் ஆறும்வரை பொறுத்திருப்பதுதான் ஒரே வழி.

கழுவும் வேலைக்கு உண்மையான பலன் தொடங்குவது இங்கேதான். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே சமவெளி நெடுஞ்சாலையின் பூச்சிகளும் புழுதியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மலைக்கு வந்தால் சவுக்கு இலையையொத்த பைன் ஊசிகளும் வாட்டில் இலைச் சருகுகளும் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் குவியும். அவற்றைக் கையால் அள்ளிவிட்டு, ரேடியேட்டரில் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்தாலே காற்று தாராளமாகப் போகும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

இறங்கும்போது: நாலரைக் குடம் வெந்நீர்

கேம்களில் பராமரிப்பு என்ற பேச்சு வந்தாலே அது பவரைப் பற்றியதாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. மலைச்சாலை கேட்பதோ பிரேக்கை. ஏறி வந்த 1,800 மீட்டரையும் இறங்கியே ஆக வேண்டும்.

ஒரு சின்னக் கார், உள்ளே நாலு பேர், டிக்கியில் பெட்டிகள். மொத்தம் 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுவரை இறங்கும்போது அந்த எடை விட்டுத்தள்ள வேண்டிய ஆற்றல் சுமார் 21 மெகாஜூல். 15 லிட்டர் குடத்தில் நாலரைக் குடம் பச்சைத் தண்ணீரை அடுப்பேற்றிக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் தாங்க வேண்டும். இல்லையென்றால் முழுவதும் நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக்கின் தலையில்தான் விழும்.

பிரேக் மிதியை அழுத்தினால் குழாயில் உள்ள பிரேக் ஆயில்தான் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு முறையே 230, 155 டிகிரி. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு ஆயிலுக்குப் போய், குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உருவாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதி மெத்தென்று தரைவரை போகும், கார் நிற்காது. பேட்டும் அளவு கடந்து சூடானால் பிடிப்பை இழக்கும். காருக்குள் கருகல் வாசனை வருவது அதற்கான எச்சரிக்கை.

இன்ஜின் ஆயில் பழசானால் சத்தம் மாறும். பிரேக் ஆயில் பழசானதை ஊருக்குள் ஓட்டும்வரை எந்த அறிகுறியும் காட்டிக்கொடுக்காது. முதல் நீளமான இறக்கத்தில்தான் வெளிப்படும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல கார்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

‘எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு’ என்பது மலை ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பாடம். கியரில் இறங்கினால் சக்கரம் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையிலேயே ஆற்றலில் பெரும்பங்கு செலவாகிவிடும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர் அந்தத் துணையைத் தானே அறுத்துவிடுகிறார். அதில் மிச்சமும் இல்லை. இன்ஜெக்‌ஷன் கார் கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போகிறது.

நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி சாலையில் வெளியூர் வாகனங்கள் ஊட்டியிலிருந்து இறங்கக் காவல்துறை தடை போட்டதற்கு, அங்கே அடுத்தடுத்து நடந்த விபத்துகளே காரணம். இறக்கத்தின் ஆபத்து எவ்வளவு என்பதை அந்தத் தடையே சொல்லும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி காரைப் பிடித்து நிறுத்தும். ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். மேலே சொன்ன 21 மெகாஜூல் ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரம். ஆனால் மலை மேலே தங்கும் விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டுக் கிளம்பினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிடிப்பது குறைந்து பாரம் பிரேக்குக்குப் போகும். இறங்கப்போகிற காருக்கு 80 சதவீதம் சார்ஜ் தாராளம்.

எதைக் கழுவ வேண்டும்?

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சை வைக்கிற ஊர் இது. புதுக் காரோடு பழனி அடிவாரத்துக்கு வந்து மாலை போட்டுப் போகிறவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். வண்டியை மதிக்கும் அந்த மனசுக்கு மலைப் பயணத்தில் நிறைய வேலை இருக்கிறது. முகப்பு விளக்கின் மேல் காய்ந்த சேறு, மூடுபனியில் இருக்கிற வெளிச்சத்தையும் தின்றுவிடும். முன் கண்ணாடியின் உள்பக்கம் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, ஈரக்காற்று பட்டதும் புகைபோல் மறைக்கும். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்திருந்தால் கொடைக்கானல் மழையில் கோடு கோடாக இழுக்கும். சக்கரத்துக்குள் கெட்டியான மண்ணைத் தண்ணீர் அடித்து இறக்கினால், பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இதையெல்லாம் கீழேயே சர்வீஸ் நிலையத்தில் முடித்துவிட்டு வருவது மலைக்கும் நல்லது. பழனி மலையின் ஓடைகள் ஒருபுறம் வைகைக்கும் மறுபுறம் சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரிக்கும் போகின்றன. வழியோர ஓடையில் இறக்கிக் கழுவும் காரின் கிரீஸும் சோப்பும் கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அப்படியென்றால் மலையேறும் குடும்பங்கள் பெரும்பாலும் கிளம்பும் முன்பே ஒரு இணையப் படிவத்தின் முன் உட்காருகின்றன. வண்டி எண்ணும் தங்கும் நாட்களும் பதிகின்றன. சுற்றுலாத் துறையும் போக்குவரத்துத் துறையும் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதி, பேட், கூலன்ட், டயரில் காற்று, வைப்பர் என ஐந்து வரிகள். இறக்கத்தில் எந்த கியர் என்று ஒரு வரி. அபராதமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம், டிக் அடித்தால் போதும். பவர் இறங்குவதைக் காட்டியே லட்சக்கணக்கான பிள்ளைகளை ஜிடி ஆட்டோவுக்கு ஓட வைக்க ஒரு கேமால் முடிந்திருக்கிறது. வத்தலக்குண்டிலும் பழனியிலும் மலை ஏறும் முன் காரை ஒரு மெக்கானிக்கிடம் காட்ட வைக்க அரசுப் படிவத்தாலும் முடியும்.